விழப்போகிற பல்தானே என்று விடலாமா?

பெரகலச் சந்தியிலிருந்து மேலே ஹப்புத்தளைப் பக்கம் ஏறினாலும், கீழே கொஸ்லாந்தைப் பக்கம் இறங்கினாலும், தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளின் சொத்தைப் பல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பால் பல்லுதானே, விழுந்து மொளைச்சிரும்." இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. பால்பற்கள் ஒருநாள் விழத்தான் போகின்றன. எப்போது விழும், அதுவரை அவற்றுக்கு என்ன வேலை, அவற்றில் பிடித்த சொத்தை எதுவரைக்கும் போகும் என்பதெல்லாம் மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைத் தாய்மாரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல நம் பக்கத்தில் ஆள் குறைவு. தமிழில் சொல்ல இன்னும் குறைவு. ஆகவே இங்கே சற்று விரிவாகவே சொல்கிறோம்.

இது தோட்டத்துக்கு மட்டும் வந்த குறையன்று. இலங்கையில் 2015–16இல் நடந்த தேசிய வாய்ச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பற்சொத்தை இருந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, பால்பல்லில் சொத்தையுள்ள பிள்ளைகள் உலகெங்கும் 51 கோடிக்கு மேல் என்கிறது. இத்தனைக்கும் இது தடுக்கக்கூடிய நோய். தடுக்கத் தேவையான பொருள்களும் விலை கூடியவை இல்லை. அப்படியிருந்தும் தடுக்க முடியாமல் போவதற்கு ஒரு பெரிய காரணம், பல் வலித்தால்தான் நோய் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது. பல்லைப் பொறுத்தவரை வலி நோயின் கடைசிக் கட்டம். வலி வருகிற நாளுக்குப் பல மாதங்களுக்கு முன்பே நோய் தொடங்கியிருக்கும். செலவில்லாமல் அதை நிறுத்தியிருக்கக்கூடிய காலமும் அதற்குள் கழிந்திருக்கும். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

பால்பல்லின் வேலை என்ன?

பிள்ளைக்கு ஆறு மாத அளவில் கீழ் முன்பல் எட்டிப் பார்க்கும். இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபது பால்பற்களும் வந்துவிடும். ஆறு, ஏழு வயதில் முன்பற்கள் ஆடி விழத் தொடங்கும். நம் கண்ணில் படுவது இந்த முன்பற்கள்தான். அதனால் பால்பல்லின் கணக்கு ஏழு வயதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். பின்னாலிருக்கிற பால் கடைவாய்ப் பற்கள் விழுவது ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்குள். மூன்று வயதில் ஒரு கடைவாய்ப் பல் சொத்தையானால், அந்தப் பல்லை வைத்துக்கொண்டு பிள்ளை இன்னும் ஏழெட்டு வருடம் மென்றாக வேண்டும்.

மெல்ல முடியாத பிள்ளை என்ன செய்யும்? ரொட்டியை ஒதுக்கும். கீரையையும் இறைச்சியையும் பயறையும் ஒதுக்கும். தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட்டும் பணிசும் வலிக்காமல் இறங்கும் என்பதால் அதையே கேட்கும். அது சொத்தையை இன்னும் வளர்க்கும். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதற்கும் 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம். இந்த வேறுபாட்டுக்குப் பல் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. வறுமை, தாயின் உடல்நிலை, வீடு, தண்ணீர் என்று பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் ஏற்கனவே போஷாக்குக் குறைந்த ஒரு பிள்ளைக்கு, கிடைக்கிற நல்ல சாப்பாட்டையும் மெல்ல முடியாத வாய் வாய்ப்பது எவ்வளவு பெரிய நட்டம் என்பதை விளக்க ஆய்வு தேவையில்லை. இராத்திரி வலியில் தூங்காத பிள்ளை பகலில் பாடசாலையில் தூங்கி விழும் என்பதும் அப்படித்தான்.

பால்பல்லுக்கு வேறொரு வேலையும் உண்டு. தனக்கு அடியில் வளர்கிற நிலையான பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. கடைவாய்ப் பால்பல்லை நாலு வயதில் பிடுங்கிவிட்டால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாயும். பின்னால் வருகிற பல் வழியில்லாமல் கோணி முளைக்கும். சொத்தை ஆழமாகிப் பல்லின் வேரில் சீழ் பிடித்தால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான பல்லின் எனாமலும் பழுதாகலாம்.

ஆறு வயதுப் பிள்ளையின் வாயில் நடக்கிற ஒரு காரியத்தைப் பெரும்பாலான வீடுகளில் கவனிப்பதில்லை. பால்பற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால், எதுவும் விழாமலே, மேலும் கீழுமாக நாலு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாததால் இவையும் பால்பல்தான் என்று வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். இவை நிலையான பற்கள். சாகும்வரை இவற்றுக்கு மாற்று கிடையாது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உள்ளதால் நிலையான பற்களில் சொத்தை முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான். அருகிலுள்ள பால்பல்லில் சொத்தை இருக்கிற வாயில் முளைத்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. விழப்போகிற பல்தானே என்று விட்ட வாயில்தான் விழாத பல்லும் வந்து சேர்கிறது.

சொத்தை உண்டாகும் விதம்

பல்லைப் பூச்சி அரிப்பதாக உலகம் நெடுங்காலம் நம்பியது. நம் ஊரிலும் பூச்சிப்பல் என்கிறோம். பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர் 1728இல் வெளியிட்ட நூலில் இந்தப் புழுக் கதையை மறுத்தார். தாமஸ் லிப்டன் இந்த மலைக்கு வந்து தம்பேதன்னையில் தோட்டம் வாங்கிய அதே 1890இல், பெர்லினில் இருந்த அமெரிக்கப் பல் வைத்தியர் வில்லோபி மில்லர் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். சீனியையும் மாப்பொருளையும் வாயில் இருக்கும் பற்றீரியாக்கள் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்ற விளக்கத்தை நிலைநாட்டியது அந்நூல். இன்றைய பல் வைத்தியம் அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது.

இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் படிந்துள்ள மெல்லிய படலத்தில் அமிலம் ஊறத் தொடங்குகிறது. அமிலம் கூடக் கூடப் பிஎச் அளவு குறையும்; அது 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலில் உள்ள கல்சியமும் பொஸ்பேற்றும் கரைந்து வெளியேறுகின்றன. பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களைத் திரும்பப் பல்லில் சேர்க்கிறது. இதற்கு அரை மணித்தியாலம் அளவில் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் பிடிக்கும். தோட்டத்துச் சம்பளத் துண்டில் வரவும் கழிவும் இருப்பதுபோல, பல்லுக்கும் நாள்தோறும் வரவும் கழிவும் உண்டு. கழிவு வரவை மிஞ்சிக்கொண்டே போனால்தான் சொத்தை. பால்பல்லின் எனாமல் நிலையான பல்லினதைவிட மெல்லியது. அதனால் சின்னப் பிள்ளைகளின் வாயில் இது விரைவாக நடந்து முடிந்துவிடுகிறது.

முதலில் குழி விழுவதில்லை. ஈறையொட்டி, பெரும்பாலும் மேல் முன்பற்களில், சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். வலியும் இருக்காது, கூச்சமும் இருக்காது. இந்தக் கட்டத்தில் இருப்பதைத் திருப்பிவிடலாம். இனிப்பின் நேரங்களைக் குறைத்து, ஃபுளோரைட் உள்ள பற்பசையால் ஒழுங்காகத் துலக்கினால் எனாமல் திரும்பவும் இறுகும். அந்த வெள்ளை மஞ்சளாகி, கபிலமாகி, குழி விழுந்த பிறகு பல் தானாக ஆறாது. பல்லுக்குள் இருக்கிற நரம்பைச் சொத்தை எட்டும்போதுதான் பிள்ளை அழுகிறது. அப்போது நாம் வைத்தியசாலைக்கு ஓடுகிறோம்.

எவ்வளவு இனிப்பு, எத்தனை தரம்?

பிள்ளைக்கு இனிப்புக் கொடுத்ததால்தான் பல் கெட்டது என்று தாயைத் திட்டுவது எளிது. அதில் நியாயமும் இல்லை, பயனும் இல்லை. எது கெடுக்கிறது என்பதைச் சரியாகப் பிரித்துக் காட்டினால்தான் எதை மாற்றுவது என்று தெரியும்.

1940களின் நடுவில் தொடங்கி, சுவீடன் நாட்டின் விப்பெஹோம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் நிலையத்தில் இருந்தவர்களுக்குப் பல வகையில் இனிப்புக் கொடுத்துச் சில ஆண்டுகள் ஆய்வு நடத்தினார்கள். சம்மதம் சொல்ல இயலாத மனிதர்களின் பல்லைக் கெடுத்துப் பார்த்த அந்த ஆய்வு மனிதத்தன்மைக்கு மாறானது. இன்று எந்த நாடும் அதை அனுமதிக்காது. அவர்களுடைய துன்பத்தின் விலையில் தெரியவந்தது இது: சாப்பாட்டு வேளையில் சாப்பாட்டோடு சேர்ந்து போன சீனியால் பல்லுக்கு வந்த கேடு குறைவு. சாப்பாட்டுக்கு இடையில், அதுவும் பல்லில் ஒட்டிக்கொள்ளும் டொஃபியாக அடிக்கடி போனபோது சொத்தை மளமளவென்று பெருகியது.

நம் வீடுகளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். விடியலில் பிள்ளையை எழுப்பிச் சீனித் தேத்தண்ணி. அதில் தோய்த்து ஒரு பிஸ்கட். பகலில் பிள்ளையை விடும் மடுவத்துக்குப் போகிற வழியில் அழாமலிருக்க ஒரு டொஃபி. பத்து மணிக்கு ஒரு தேத்தண்ணி. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது கடையிலிருந்து ஒரு பணிஸ். சாயங்காலம் இன்னொரு தேத்தண்ணி. இராத்திரி தூங்க வைக்கச் சூப்பிப் போத்தலில் சீனி போட்ட பால். ஒவ்வொரு தரமும் பல் அரை மணித்தியாலத்துக்கு அமிலத்தில் ஊறுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் சீனி பெரிய அளவாக இருக்காது. ஆனால் உமிழ்நீர் பல்லைச் சரிசெய்ய இடைவெளியே கிடைக்கவில்லை.

இவற்றில் மிகக் கொடியது அந்த இராப் போத்தல். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். பால் முன்பல்லைச் சுற்றித் தேங்கி நிற்கும். ஒன்றரை, இரண்டு வயதில் மேல் முன்பற்கள் நாலும் கரைந்து அடிக்கட்டை மட்டும் மிஞ்சி நிற்கிற பிள்ளைகளில் பலருக்கு இதுவே காரணம். ஒரு வயதுக்குப் பிறகு போத்தலை விட்டுக் கோப்பைக்குப் பழக்குவது நல்லது. படுக்கையில் போத்தல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கொதித்தாறிய வெறும் தண்ணீர் போதும்.

தாய்ப்பாலை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கப்பாலும் தாய்ப்பால் என்பதில் எந்த மாற்றமும் இல்லை. முதல் ஓராண்டு தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்குச் சொத்தை குறைவாகவே இருக்கிறது. ஒரு வயது தாண்டியும் இரவு முழுக்க மார்பில் வாய் வைத்துக்கொண்டே தூங்குகிற பழக்கம் இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். பல்லைத் துலக்கிவிட்டுப் படுக்க வைத்து, இரவுப் பாலை மெல்லக் குறைத்துவந்தால் போதும். பல்லுக்குப் பயந்து யாரும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

தேயிலையின் மேலும் பழி இல்லை. சீனி போடாத சாயத்தண்ணி பல்லைக் கரைக்காது. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைட்டை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் செடி. அதற்காகச் சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுப்பதும் சரியில்லை. சாப்பாட்டோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது தடுக்கும். இரத்தச் சோகையுள்ள பிள்ளைக்கு அது வேறொரு கேடு. சீனிக்குப் பதில் கருப்பட்டி, வெல்லம், தேன் என்று மாற்றினால் தப்பிக்கலாம் என்பதும் தவறு. பற்றீரியாவுக்கு இவை எல்லாம் சீனிதான். இருமல் பாணியும் காய்ச்சல் பாணியும் பெரும்பாலும் இனிப்பானவை. இரவில் மருந்து கொடுத்தால் அதற்குப் பிறகு வாயைத் துடைத்துவிட வேண்டும்.

இனிப்பை அடியோடு நிறுத்தச் சொன்னால் எந்த வீட்டிலும் நடக்காது. நடக்கக்கூடியது இது: இனிப்பு எதுவானாலும் சாப்பாட்டு வேளையோடு கொடுத்துவிடுவது, இடையில் பசித்தால் பழம், அவித்த கிழங்கு, கடலை (விக்காமலிருக்கச் சின்னப் பிள்ளைக்கு இடித்துக் கொடுக்க வேண்டும்), தாகத்துக்குத் தண்ணீர், இரவில் பல் துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை.

ஃபுளோரைட்: மலைக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்றா?

ஃபுளோரைட் என்றதும் நம் பக்கத்தில் சிலருக்குப் பயம் வருகிறது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. பெரகலவிலிருந்து கொழும்பு–மட்டக்களப்பு வீதி கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. மலை முடிந்து உலர்வலயம் தொடங்கும் அந்தப் பக்கத்தில், மொனராகலை மாவட்டத்தின் பல இடங்களில், ஆழமான கிணற்று நீரிலும் குழாய்க்கிணற்று நீரிலும் ஃபுளோரைட் கூடுதலாக உண்டு. அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் வெள்ளைத் திட்டும் கபிலக் கறையும் காணலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவிச்சரிதவியல் பேராசிரியர் சி. பி. திசாநாயக்கவும் அவருடன் உழைத்தவர்களும் 1980கள் முதல் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மழை கொட்டுகிற மலைநாட்டில் நிலைமை நேர்மாறு. மழை கழுவிக்கொண்டு போவதால் ஊற்று நீரில் ஃபுளோரைட் மிகக் குறைவு. ஒரே ஊவா மாகாணத்துக்குள் இரண்டு நிலைமைகளும் இருக்கின்றன.

ஃபுளோரைட்டின் நன்மை தெரியவந்ததும் இப்படிப்பட்ட கறையிலிருந்துதான். 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குப் போன பிரெடரிக் மக்கே என்ற பல் வைத்தியர், அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லில் கபிலக் கறையைக் கண்டார். கறை பிடித்த அந்தப் பற்கள் சொத்தைக்கு எளிதில் ஆளாகவில்லை என்பதையும் பின்னர் கவனித்தார். காரணம் குடிநீரில் மிகுந்திருந்த ஃபுளோரைட் என்று 1931இல் தெரிந்தது. அதன்பின் ட்ரெண்ட்லி டீன் என்ற அரசு ஆய்வாளர், ஒரு லீற்றர் நீரில் ஒரு மில்லிகிராம் அளவில் இருந்தால் கறை பெரிதாக வராது, சொத்தையும் குறையும் என்று காட்டினார்.

ஆக, கறை விழுவது ஃபுளோரைட் அதிகமாக வயிற்றுக்குள் போவதால். அதுவும் ஈறுக்குள் நிலையான பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் முதல் எட்டு வயதுக்குள். சொத்தையிலிருந்து பல் பிழைப்பது முக்கியமாக வாயில், பல்லின் மேல், சிறிதளவு ஃபுளோரைட் நாள்தோறும் படுவதால். பற்பசையை அரிசி மணியளவு எடுத்தால் அது ஏறத்தாழ 0.1 கிராம். 1000 பிபிஎம் ஃபுளோரைட் உள்ள பசையாயின் அதில் இருப்பது 0.1 மில்லிகிராம். பிள்ளை அதை முழுக்க விழுங்கினாலும் அவ்வளவுதான் உள்ளே போகும். லீற்றருக்கு 2 மில்லிகிராம் உள்ள கிணற்றுத் தண்ணீரை ஒரு லீற்றர் குடித்தால் அதைப் போல இருபது மடங்கு போய்ச் சேரும். வெல்லவாயப் பக்கத்துக் குடும்பங்கள் கவலைப்பட வேண்டியது குடிநீரைப் பற்றி. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைச் சோதிக்கச் செய்யலாம். மலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு நீரில் கிடைக்காத ஃபுளோரைட் பற்பசை மூலம்தான் கிடைக்க வேண்டும்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசி மணியளவு. மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பச்சைப் பட்டாணியளவு. விளம்பரத்தில் காட்டுகிறபடி பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டியதில்லை. பசை வாங்கும்போது பெட்டியில் ஃபுளோரைட் 1000 பிபிஎம் அல்லது சற்று மேல் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். கரியும் செங்கற்பொடியும் எனாமலைத் தேய்க்கும். அவற்றில் ஃபுளோரைட் இல்லை. பல்பொடிகள் பெரும்பாலானவற்றிலும் இல்லை.

துலக்குவது பெரியவர் வேலை

முதல் பல் முளைத்த நாளிலிருந்தே துலக்கத் தொடங்கலாம். ஏழெட்டு வயது வரை பிள்ளையால் தன் பல்லைச் சரியாகத் துலக்க முடியாது. கைக்கு அந்தப் பக்குவம் வந்திருக்காது. பிள்ளை தானே துலக்கட்டும், பிறகு பெரியவர் ஒருவர் வாங்கி மறுபடி துலக்கிவிட வேண்டும். அம்மா களைத்து வந்திருந்தால் அப்பா செய்யலாம், அம்மாயி, அப்பாயி செய்யலாம், பெரிய அக்கா செய்யலாம். சின்னப் பிள்ளையை மடியில் சாய்த்து, தலையைத் தொடையில் வைத்துக்கொண்டால் வாய் முழுக்கத் தெரியும். ஈறும் பல்லும் சேர்கிற இடத்திலும் கடைவாய்ப் பள்ளங்களிலும் பிரஷ் போக வேண்டும். காலையில் ஒரு தரம், இரவு படுக்குமுன் ஒரு தரம். நம் வீடுகளில் காலையில் துலக்குவது வழக்கம். இரவில் துலக்குவது இல்லை. இரண்டில் இரவுதான் முக்கியம். துலக்கிய பிறகு துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைட்டும் போய்விடும்.

மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கி, வெளிச்சத்தில் ஈறோரத்தைப் பாருங்கள். மேலே சொன்ன வெள்ளைக் கோடு தெரிந்தால், அதுதான் பல் வைத்தியரிடம் போக வேண்டிய நேரம். வலி வருமுன் போனால் அங்கே பெரும்பாலும் ஊசியும் இல்லை, பிடுங்கலும் இல்லை. ஃபுளோரைட் வார்னிஷ் பூசி அனுப்புவார்கள். சில நிமிட வேலை. ஆண்டுக்கு இரண்டு தரமாவது பூசுவது வழக்கம். முதல் பிறந்தநாள் அளவில் ஒருதடவை காட்டிவிடுவது நல்லது.

தாயின் பல்லும் இதில் சேரும். சொத்தை உண்டாக்கும் பற்றீரியாக்கள் பிள்ளையின் வாய்க்கு வருவது பெரும்பாலும் வீட்டாரிடமிருந்து, அதிலும் தாயிடமிருந்து. அதற்காகப் பிள்ளையைக் கொஞ்சாமல் இருக்க வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் கிளினிக்கில் பல் பரிசோதனைக்கு அனுப்பும்போது தட்டாமல் போய், தன் சொத்தையைச் சரிசெய்துகொண்டால் பிள்ளைக்கும் அது காப்பு.

பிள்ளை மடுவத்தில் தொடங்கலாம்

இவ்வளவும் சொன்ன பிறகு, தோட்டத்து நிலைமையை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. விடியலில் வேலைப் பெரட்டுக்கு ஓடும் தாயிடம், பிள்ளையை மடியில் சாய்த்துப் பல் துலக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பிள்ளைக்குப் பல் காட்ட ஹப்புத்தளைக்கோ தியத்தலாவைக்கோ பண்டாரவளைக்கோ போனால் அன்றைய சம்பளத்தில் அரைப் பேர் போய்விடும், சில நாளில் முழுப் பேரும் போகும். பஸ் செலவு வேறு. இலவச வைத்தியம் என்றாலும் தோட்டத் தொழிலாளிக்கு அது இலவசமாக முடிவதில்லை. வலி தாங்காத கட்டம் வரும்வரை பெற்றோர் பொறுத்திருப்பது அலட்சியத்தால் மட்டும் இல்லை. அவர்களுடைய கணக்கு அப்படி. ஆகவே தடுப்பு வேலை பிள்ளை இருக்குமிடத்துக்கு வர வேண்டும்.

பிள்ளை பகல் முழுக்க இருக்குமிடம் மடுவம். சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று இப்போது பெயர் மாறியிருக்கிறது. கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரை, பல் முளைப்பது தொடங்கிப் பால்பல் எல்லாம் நிறைவது வரைக்கும் உள்ள காலம் முழுவதும் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். பொறுப்பாகப் பயிற்சி பெற்ற ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இந்த வகையில் நகரத்துப் பிள்ளைக்கு இல்லாத ஒரு வசதி தோட்டத்துப் பிள்ளைக்கு இருக்கிறது.

ஸ்கொட்லாந்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளின் பல் நிலை அங்கே மிக மோசமாக இருந்தது. 2003இல் சொத்தை கண்ணுக்குத் தெரியாத பிள்ளைகள் 45 சதவீதம்தான். சைல்ட்ஸ்மைல் என்ற திட்டத்தில், முன்பள்ளிகளில் நாள்தோறும் ஆசிரியையின் மேற்பார்வையில் எல்லாப் பிள்ளைகளும் ஃபுளோரைட் பசையால் பல் துலக்கினார்கள். 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் சொத்தை தெரியாத பிள்ளைகள் 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளின் பல் சிகிச்சைச் செலவு, பத்தாண்டுக்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. எட்டாவது ஆண்டில், துலக்கும் திட்டத்துக்கு ஆன செலவைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் சிகிச்சைச் செலவில் மிச்சமானது. பணக்கார நாட்டுக்கு மட்டும் உரிய ஏற்பாடு இல்லை இது. பிலிப்பைன்ஸ் நாட்டு அரசுப் பாடசாலைகளிலும் கைகழுவுவதோடு சேர்த்து நாள்தோறும் பல் துலக்குவதை வழக்கமாக்கினார்கள்.

மடுவத்தில் இதற்கு வேண்டியது என்ன? ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு சின்ன பிரஷ். ஒன்றோடொன்று உரசாமல் நிறுத்தி வைக்க ஒரு தட்டு. நிலையத்துக்கு ஒரு பசை. அதை உத்தியோகத்தர் சுத்தமான ஒரு தட்டில் தனித்தனிப் பொட்டாக வைத்து, ஒவ்வொரு பொட்டையும் ஒவ்வொரு பிரஷில் எடுத்துக் கொடுக்க வேண்டும். பசைக் குழாயின் வாய் எந்த பிரஷிலும் படக் கூடாது. பிரஷை மாற்றிக் கொடுக்கக் கூடாது, மூன்று மாதத்துக்கொருமுறை புதிது வேண்டும். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து துலக்கி, ஒரு காகிதத்தில் துப்பிவிடலாம். பிறகு பிரஷ்களை மட்டும் கழுவினால் போதும். கோடையில் பீலித் தண்ணீர் சுருங்கும் தோட்டங்களிலும் இது நடக்கும்.

தோட்ட நிர்வாகங்களும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் பிரஷுக்கும் பசைக்கும் பொறுப்பேற்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள், மடுவத்தில் எடை பார்க்கும் நாட்களில் பல் குழு ஒன்றையும் சேர்த்து அனுப்பி, உதடு தூக்கிப் பார்த்து வார்னிஷ் பூசும் வேலையை அங்கேயே முடிக்க வேண்டும். குடும்ப நல உத்தியோகத்தர் எடையைப் பதியும்போது பல்லையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். வருகிறவர்களில் ஒருவராவது தமிழில் விளக்கக்கூடியவராக இருக்க வேண்டும். கேட்டு விளங்காத அறிவுரை வீட்டுக்குப் போய்ச் சேராது.

பாடசாலை வயதுக்கு ஒரு நல்ல ஏற்பாடு ஏற்கனவே உண்டு. நியூசிலாந்து 1921இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி, 1950களில் அந்த நாட்டின் உதவியோடு மகரகமவில் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்களைப் பயிற்றத் தொடங்கியது இலங்கை. மூன்று முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகள் அவர்களுடைய பொறுப்பு. ஆறு வயதில் முளைக்கும் அந்தக் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களைச் சொத்தை பிடிக்குமுன் அடைத்துவிட அவர்களால் முடியும். அவர்களுடைய கிளினிக்குகள் பெரிய பாடசாலைகளை ஒட்டி இருப்பதால் மலையுச்சியிலுள்ள சின்னத் தோட்டப் பாடசாலைகள் கடைசியில் நிற்கின்றன. அதிபர்களும் பெற்றோரும் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் நாள் கேட்டு வைக்கலாம்.

ஏற்கனவே குழி விழுந்திருந்தால்

மனம் தளர வேண்டாம். பிடுங்குவது ஒன்றே வழி என்ற காலம் போய்விட்டது. துளைக்கும் கருவியில்லாமல் கையால் சொத்தையைச் சுரண்டி, கிளாஸ் அயனோமர் என்ற சீமெந்தால் அடைக்கும் முறை உண்டு. 1980களில் தன்சானியாவில் மின்சாரம் இல்லாத கிராமங்களுக்காக உருவானது அது. சில்வர் டயமைன் ஃபுளோரைட் என்ற திரவத்தைக் குழியில் தடவினால் சொத்தை பெரும்பாலும் நின்றுவிடும். அந்த இடம் கறுத்துப்போகும், ஆனால் பிள்ளைக்கு வலிக்காது. ஃபுளோரைட் பற்பசையையும் இந்தச் சீமெந்தையும் திரவத்தையும் உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பிடுங்கச் சொன்னால், அடைக்க வழியுண்டா என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் மட்டும் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்கக் கூடாது. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அது பரவினால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளையின் பல்லைக் காப்பது மூன்று பேர் பகிர்ந்துகொள்ளக்கூடிய வேலை. வீட்டில் இரவுத் துலக்கலும் போத்தலில்லாத தூக்கமும். மடுவத்தில் நாளுக்கு ஒரு தரம் மேற்பார்வையோடு பிரஷ். அரசின் பங்காக ஆண்டுக்கு இரண்டு தரம் மலையேறி வரும் ஒரு பல் குழு. பெற்றோர் தங்கள் பங்கை இன்று இரவே தொடங்கிவிடலாம். மற்ற இரண்டையும் தோட்டக் காரியாலயத்திலும் சுகாதாரப் பணிமனையிலும் போய்க் கேட்டு வாங்க வேண்டும். தலைவர்மாரும் மாதர் சங்கங்களும் சம்பளப் பேச்சோடு இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கட்டும். வலியில்லாமல் மென்று தின்பதும் தூங்குவதும் சிரிப்பதும் ஒரு பிள்ளைக்குச் சலுகையாகக் கிடைக்க வேண்டியவை இல்லை, உரிமையாகவே கிடைக்க வேண்டியவை.